ஷமீமாவுக்கு நான் அடித்த வெள்ளை

பெட்டியின் கொக்கியை விடுவித்ததும் உள்ளேயிருந்த தட்டுகள் படிக்கட்டு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நின்றன. கட்டிலைச் சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

கண் இமைக்குப் பூசும் வண்ணம் மட்டும் நான்கு வரிசை இருந்தது. உதட்டுச் சாயம் ஒரு டஜன். பவுடர், கன்னச் சிவப்பு, குட்டிக் குட்டியாகத் தூரிகைகள், மூடியின் உட்புறம் முழுக்கக் கண்ணாடி. புது பிளாஸ்டிக்கும் ரோஜா சோப்பும் கலந்த ஒரு வாசனை அறை முழுவதும் பரவியது. கல்யாண வீட்டு நெய்ச்சோறு வாசனையைக்கூட அது கொஞ்ச நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

குவைத்தில் இருந்த ஷமீமாவின் அண்ணன், தங்கச்சி நிக்காஹுக்கென்று அனுப்பிய பெட்டி அது. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பெட்டி மட்டும் வந்து சேர்ந்தது.

இதையெல்லாம் யாருக்குப் போடத் தெரியும் என்று ஷமீமாவின் குப்பி கேட்டார். அப்பாவை அத்தா என்றும், அவரோடு பிறந்த சகோதரியைக் குப்பி என்றும் அவர்கள் சொல்வார்கள். கல்யாணப் பெண் ஷமீமா கட்டிலில் உட்கார்ந்தபடியே என்னைக் கை காட்டினாள்.

"வாசுதான் போடப் போறா. அவ ஒரு நாளைக்கு எத்தினி மூஞ்சி வரையிறா தெரியுமா?"

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த அழகுக்கலைத் தொடரை எழுத ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே கேள்விதான். மேக்கப்பை எங்கிருந்து தொடங்குவது, எனக்கென்று ஒரு ஸ்டைலை எப்படிக் கண்டுபிடிப்பது? போன வாரம் திட்டக்குடியிலிருந்து ஒரு பெண் தன் படத்தையும் ஒட்டி, எனக்கு எது பொருந்தும் என்று ஒரே வரியில் சொல்லவும் என்று எழுதியிருந்தாள். ஒரு வரியில் சொல்ல நான் என்ன கிளி ஜோசியமா பார்க்கிறேன்? கோபம் வந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள் மறுபடி எடுத்துப் படித்தேன்.

அந்தக் கேள்வியைப் பார்த்தாலே எனக்கு அந்தப் பெட்டி ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. உயிருள்ள ஒரு முகத்தில் முதன்முதலாக நான் கை வைத்த நாள் அது. எப்படித் தொடங்கக் கூடாது என்பதை அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கற்றுக்கொண்டேன்.

கண்ணு வைக்கிற வாசு

என் அப்பாவுக்கு விருத்தாசலம் ஜங்ஷனில் பார்சல் ஆபீசில் வேலை. நான் டிகிரி பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த காலம். வீட்டில் சும்மா இருந்தால் அம்மா ஏதாவது ஒரு வேலை வைத்துக்கொண்டே இருப்பார். அதற்கு வெளி வேலையே மேல் என்று பீங்கான் பொம்மை செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். இரண்டு மாதம் என்று சொல்லிப் போனவள், இரண்டு வருடம் இருந்தேன்.

நீளமான ஷெட். அச்சிலிருந்து எடுத்துச் சூளையில் வெந்த பொம்மைகள் ஒரு பக்கத்திலிருந்து வரும். நாங்கள் பன்னிரண்டு பெண்கள் பலகையில் உட்கார்ந்து வண்ணம் பூசுவோம். ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருப்போம். வெளியே மண் கொட்டிக் கிடக்கும் களம். காற்றடித்தால் தூசி வந்து ஈர பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பட்டப்பகலிலும் டியூப் லைட் வெளிச்சம்தான்.

பூச்சு வேலைக்கு மேஸ்திரி தனம் அக்கா. அவரிடம் ஒரு முறை உண்டு. முதலில் பொம்மை முழுக்க வெள்ளை, இரண்டு கோட். அது காய்ந்தபின் மேலே ரோஸ் கலந்த தோல் நிறம். அப்புறம் கன்னம், உதடு, புருவம். கண் கடைசியில்தான். வரிசை மாறினால் தூரிகையைப் பிடுங்கிக்கொள்வார்.

"மண்ணு தெரியக் கூடாதுடி. எங்கியாச்சும் மண்ணு தெரிஞ்சுது, நீ வேலையே பாக்கலன்னு அர்த்தம்" என்பார்.

இன்னொன்றும் உண்டு. மண்ணில் எங்கேயாவது இரும்புத்துகள் கலந்திருந்தால், சூளையில் வெந்தபின் அது கறுப்புப் புள்ளியாக மேலே வந்து நிற்கும். முதுகில் இருந்தால் பரவாயில்லை. முகத்தில் இருந்தால் அந்தப் பொம்மை செகண்ட்ஸ், பாதி விலைச் சரக்கு. தனிக் கூடைக்குப் போய்விடும். அப்படிப் போகாமல் காப்பாற்ற வேண்டுமென்றால், புள்ளி இருக்கும் இடத்தில் வெள்ளையைக் கூடுதலாகத் தொட்டு வைத்து மறைத்துவிட வேண்டும். இதில் நான் கெட்டிக்காரி. எத்தனை கறுப்புப் புள்ளியானாலும் என் கைக்குத் தப்பாது.

குடம் தூக்கும் பெண், குழல் ஊதும் கிருஷ்ணன், தொப்பை வைத்த செட்டியார் என்று பொம்மை எதுவானாலும் எல்லோருக்கும் ஒரே கண், ஒரே புருவம். பேசிக்கொண்டே, எதிரில் இருப்பவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கண் வைப்பேன். "கண்ணு வைக்கிற வாசு" என்றே எனக்குப் பெயர் விழுந்துவிட்டது. முகத்தைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் எனக்குத் தெரியும் என்று நான் நம்பியதில் ஆச்சரியம் இல்லை.

வாசலுக்கு வந்து பார்

ஷமீமாவின் வீடு எங்கள் தெருவிலேயே மூன்று வீடு தள்ளி. ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அதன்பிறகு எழுந்திருக்கவே இல்லை. அவளுடைய அத்தாவுக்குக் கடைவீதியில் ஜவுளிக்கடை. ஊரெல்லாம் அவரை பாய் என்று கூப்பிடும். நான் மாமா என்பேன். அதிகம் பேச மாட்டார். கடைக்குள் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது.

துணியை மேசையில் விரித்துக் காட்டுவதோடு விடமாட்டார். எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கே வந்துவிடுவார். வாங்க வந்தவரையும் வாசலுக்குக் கூப்பிடுவார். வெயில் வெளிச்சத்தில் துணியை வந்தவரின் மோவாய்க்குக் கீழே பிடித்து, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் காட்டுவார். உள்ளே லைட்டில் பார்த்து எடுத்துப் போனால் வீட்டுக்குப் போனதும் வேறு கலராகத் தெரியும், அப்புறம் திருப்பிக்கொண்டு வருவார்கள் என்பது அவர் கணக்கு.

பிளஸ் டூ படித்த வருடம் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கிளிப்பச்சை சுடிதார் போட்டார்கள். மாசி மகத் தேருக்கு அதைத்தான் போட வேண்டும் என்று எனக்கு வெறி. அம்மாவை இழுத்துக்கொண்டு மாமா கடைக்குப் போனேன். அவர் வழக்கம்போலத் துணியை வாசலுக்குக் கொண்டுவந்து என் மோவாய்க்குக் கீழே பிடித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"துணி நல்லாத்தான் இருக்குது பாப்பா. ஆனா துணிதான் தெரியுது. நீ தெரியல" என்றார்.

அப்போது எனக்கு அது காதில் ஏறவில்லை. அடம்பிடித்து அதையே வாங்கினேன். பழமலைநாதர் கோயில் தேரோட்டத்தில், வளையல் கடை வரிசையில், ஸ்டிக்கர் பொட்டும் நகப்பூச்சும் வாங்கிக்கொண்டு ஆறு கிளிப்பச்சைகளில் ஒரு கிளிப்பச்சையாக நின்றேன். என் சொந்த அத்தையே என்னைத் தாண்டிப் போய்விட்டு, பிறகு திரும்பி வந்து, "நீயாடி?" என்று கேட்டார். அந்த வருடம் எடுத்த குரூப் போட்டோவில் மஞ்சள் காமாலை வந்தவள் மாதிரி நிற்கிறேன்.

ஷமீமா அன்று பழைய அரக்கு நிறச் சுடிதாரில் வந்திருந்தாள். அவளுக்கு அது அத்தா எடுத்துக் கொடுத்தது. மூன்று வருடமாகப் போட்டுத் துவைத்துச் சாயம் கொஞ்சம் இறங்கியிருந்தது. கூட்டத்தில் எல்லோரும் அவளை மட்டும் அடையாளம் கண்டு பேசினார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

மேலுதட்டில் ஒரு மச்சம்

ஷமீமாவுக்கு இடது பக்க மேலுதட்டுக்குச் சற்று மேலே ஒரு மச்சம். கடுகளவு. கணக்குப் போடும்போது நாக்கு நுனியால் அதைத் தொட்டுக்கொண்டே இருப்பாள். டீச்சர் திட்டுவார்.

அதே இடத்தில், அதே அளவில் அவள் அம்மாவுக்கும் ஒன்று இருந்தது. நான் பார்த்திருக்கிறேன். சிரிக்கும்போது அது கொஞ்சம் மேலே போகும். நாங்கள் எட்டாவது படித்த வருடம் அவர் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அந்த வீட்டில் படம் எடுத்து மாட்டும் வழக்கமில்லை. பெண்கள் போட்டோவுக்கு நிற்பதை அவள் அம்மா விரும்பியதும் இல்லை. அதனால் அவர் போனபிறகு அந்த முகம் எங்கேயும் மிஞ்சவில்லை. ஒரு தாளில்கூட இல்லை. குப்பி வரும்போதெல்லாம் ஷமீமாவின் மோவாயைப் பிடித்துத் திருப்பி, அப்படியே அண்ணிதான் என்பார். மாமாவோ, ஷமீமா சோறு போடும்போது தலையைத் தூக்கி ஒரு தரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிடத் தொடங்குவார். நான் அங்கே எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். எல்லாம் என் கண் முன்னால் நடந்ததுதான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லவும் எனக்கு வழியில்லை.

இரண்டு கோட்

நிக்காஹ் அன்று காலை. ஆண்கள் பள்ளிவாசலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஓதுவதற்கு முன், பெண்ணின் அத்தாவே இரண்டு சாட்சிகளோடு வீட்டுக்குள் வந்து பெண்ணிடம் சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்கிப் போக வேண்டும். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளையின் அக்கா வந்து பெண்ணின் கழுத்தில் தாலியாகக் கருகமணி கட்டுவார். அதற்குள் முகம் தயாராக வேண்டும்.

நான் முதலில் செய்த வேலை ஜன்னலைச் சாத்தியது. ஷெட்டில் பழகிய கை அது. தூசி ஒட்டக் கூடாது. டியூப் லைட்டைப் போட்டேன். எல்லோரையும் வெளியே அனுப்பினேன். டாக்டர் மாதிரி நடந்துகொண்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

பெட்டியில் முகம் முழுக்கத் தேய்க்கும் பவுண்டேஷன், ஒரு தடித்த குச்சியாக இருந்தது, பாலாடை நிறத்தில். அது எந்த நாட்டுத் தோலுக்கென்று செய்ததோ, விருத்தாசலத்து வெயிலில் வளர்ந்த பெண்ணுக்குச் செய்ததல்ல. ஷமீமா மாநிறத்துக்கும் ஒரு படி கீழே, நல்ல மினுமினுப்பான நிறம். எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. முதலில் வெள்ளை, மேலே கலர். எனக்குத் தெரிந்த ஒரே முறை. நெற்றியிலிருந்து கழுத்துவரை ஒரு கோட் அடித்தேன். விசிறினேன். காய்ந்ததும் இரண்டாவது கோட்.

மச்சம் தெரிந்தது.

என் கை யோசிக்கவே இல்லை. விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து அதன்மேல் தொட்டு வைத்தேன். இன்னும் தெரிந்தது. இன்னொரு தரம் வைத்தேன். மறைந்துவிட்டது. ஒரு பொம்மையைச் செகண்ட்ஸ் கூடையிலிருந்து காப்பாற்றிய திருப்தி வந்தது எனக்கு.

ஷமீமாவின் விரல் மேலே வந்து அந்த இடத்தைத் தேடியது. தொடாதடி, காயட்டும் என்று கையைத் தட்டிவிட்டேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் ரோஸ் பவுடர், கன்னச் சிவப்பு, சிவப்பு உதடு, வில் மாதிரி புருவம். கடைசியாகக் கண். பெட்டி மூடியின் கண்ணாடியை அவள் முன்னால் பிடித்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். நல்லா இருக்குடி வாசு என்றாள். கண்ணாடியை என் பக்கம் தள்ளிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணப் பெண்ணுக்கு அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்ததும் பெண்கள் உள்ளே வந்தார்கள். மாஷா அல்லாஹ், செக்கச் செவேலென்று இருக்கிறாள் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு செய்திருந்த போட்டோக்காரர் வாசற்படியில் நின்றபடி எங்கள் இருவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்தார். அதில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஜன்னலைத் திறம்மா

மாமா வெள்ளை வேட்டி சட்டையில் உள்ளே வந்தார். பின்னால் உறவுக்காரர் இரண்டு பேர், ஒருவர் கையில் பதிவுப் புத்தகம். பெண்கள் சுவரோரம் ஒதுங்கி முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்கள். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரமாக நின்றேன்.

அவர் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். இன்னார் மகன் இன்னாருக்கு உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமா என்று கேட்க வேண்டும். மகள் முன்னால் வந்து நின்றார். குனிந்து முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"அந்த ஜன்னலைத் திறம்மா" என்றார் என்னிடம்.

திறந்தேன். பத்து மணி வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. அப்போதுதான் நானும் பார்த்தேன். கழுத்தும் கையும் ஒரு நிறம். முகம் சாம்பல் பூத்த வேறொரு நிறம். கண் இருந்தது, புருவம் இருந்தது, உதடு இருந்தது. நான் தினம் நூறு தரம் வரைந்த அதே முகம் ஷமீமாவின் கழுத்துக்கு மேலே உட்கார்ந்திருந்தது.

மாமாவின் கண் அவள் மேலுதட்டுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

"எம் பொண்ணு எங்கம்மா?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. கடையில் வைத்த இடத்தில் ஒரு பொருளைக் காணோம் என்றால் கேட்பாரே, அந்தக் குரல்.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார். ஜன்னலோரம் இருந்த சொம்புத் தண்ணீரில் அதன் முனையை நனைத்தார். மகளின் மோவாயை இடது கையால் பிடித்துக்கொண்டு, மேலுதட்டுக்கு மேலே அந்த ஒரு இடத்தை மட்டும் மெதுவாகத் துடைத்தார். ஒரு தரம் துடைத்துப் பார்த்தார். மறுபடி நனைத்துத் துடைத்தார். வெள்ளை வழிந்து பழுப்பு நிறம் தெரிந்தது. அதன் நடுவில் மச்சம் வந்தது.

அதற்குமேல் அவர் ஒன்றையும் தொடவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

ஷமீமாவின் கண்ணீர் இறங்கி இரண்டு கோட் வெள்ளையிலும் கோடு போட்டது. அப்புறம், "சம்மதம் அத்தா" என்றாள். அந்தக் கோலத்திலேயே கையெழுத்தும் போட்டாள்.

தேங்காய் எண்ணெயும் சோப்பும்

ஆண்கள் போனதும் நான் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். குப்பி என்னைப் பார்த்து, அழுவதை அப்புறம் வைத்துக்கொள், கருகமணி கட்ட அரைமணி நேரத்தில் வந்துவிடுவார்கள் என்று தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை என் கையில் திணித்தார்.

எண்ணெயைத் தடவிப் பழைய துணியால் துடைத்தோம். குழாயடிக்குக் கூட்டிப்போய் சோப்புப் போட்டுக் கழுவினோம். தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றவளிடம், ஏண்டி முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது.

"கண்ணாடியில பாத்தப்பவே தெரிஞ்சுது வாசு. எங்கம்மாவக் காணோம்னு தோணுச்சு. நீ அவ்ளோ ஆசையா பண்ணிக்கிட்டிருந்த. உங்கிட்ட எப்புடிச் சொல்றது?"

என் மனசு நோகக் கூடாதென்று, தன் கல்யாணத்துக்கு வேறொரு முகத்தோடு உட்கார அவள் தயாராக இருந்திருக்கிறாள்.

நாற்காலியைத் திறந்த ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். அவள் கண்ணுக்குச் சுர்மா மை மட்டும் இழுத்தேன். பன்னிரண்டு உதட்டுச் சாயத்தில் அரக்கு நிறத்தைத் தேடி எடுத்தேன். பூசினேன். துணியால் ஒற்றி எடுத்துவிட்டேன். ஒட்டிக்கொண்டிருந்த சாயல் போதுமாக இருந்தது. விரலில் மிச்சமிருந்ததைக் கன்னத்தில் தேய்த்தேன். மொத்தம் மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

மாப்பிள்ளையின் அக்கா வந்து முக்காட்டை விலக்கி முகத்தைப் பார்த்தார். பெண் பார்க்க வந்தபோது எப்படி இருந்தாளோ அப்படியே இருக்கிறாளே என்று சிரித்துக்கொண்டே கருகமணியைக் கட்டினார். நான் சுவரோடு சாய்ந்து நின்றேன்.

எதைத் தொடக் கூடாது?

திங்கட்கிழமை ஷெட்டுக்குப் போனேன். பொம்மை வந்தது, வெள்ளை அடித்தேன், கண் வைத்தேன். வேலையில் குறை ஒன்றும் இல்லை. பொம்மைக்கு அது சரியான முறைதான். தனம் அக்காவை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உயிருள்ள முகத்துக்கு என்ன முறை என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சில மாதம் கழித்து வீட்டில் சண்டை போட்டு, கடலூருக்கு பஸ் ஏறி, அழகுக்கலை வகுப்பில் சேர்ந்தேன். மற்றதெல்லாம் இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

என் பார்லரில் நாற்காலி ஜன்னலை ஒட்டித்தான் இருக்கும். ஏசி போட்டாலும் திரையை விலக்கித்தான் வைப்பேன். முதன்முதலாக வரும் பெண்ணை முகம் கழுவிவிட்டு வந்து உட்காரச் சொல்வேன். உன் முகத்தில் நான் எதைத் தொடக் கூடாது என்று கேட்பேன். எல்லோரும் முழிப்பார்கள். எதைச் சரி செய்ய வேண்டும் என்று கேட்டால் மடமடவென்று பத்துச் சொல்வார்கள். இதற்கு மட்டும் பதில் வராது. நான் காத்திருப்பேன். ஒருத்தி யோசித்து யோசித்து, தெத்துப்பல் என்பாள். ஒருத்தி, நெற்றியில் விழும் சுருட்டை முடி என்பாள். அங்கிருந்து தொடங்குவோம்.

திட்டக்குடிப் பெண்ணுக்கும் அதைத்தான் எழுதியிருக்கிறேன். முதலில் ஒரு பொருள் மட்டும் வாங்கு, பெட்டி வாங்காதே. மையோ உதட்டுச் சாயமோ, ஏதாவது ஒன்று. அதைப் போட்டுக்கொண்டு வீட்டில் ஒரு நாள் முழுக்க இரு. பாத்திரம் தேய், தூங்கி எழு, நீயாகவே இருக்கிறாயா என்று பார். பவுண்டேஷன் வேண்டுமென்றால் மணிக்கட்டில் தடவிப் பார்க்காதே. தாடையோரம் தடவி, கடை வாசலுக்கு வந்து வெயிலில் பார். எங்கே தடவினாய் என்று தெரியாத நிறம்தான் உன் நிறம். துணி எடுக்கும்போது மோவாய்க்குக் கீழே பிடித்துப் பார். துணி மட்டும் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடு. யூடியூபில் பார்த்துப் போடுவதில் தப்பில்லை. ஆனால் அதில் போட்டுக் காட்டுபவளுக்கு அவள் முகம், உனக்கு உன் முகம். எழுதி முடித்தபோது ஒரு வரி, ஒரு பக்கமாகிவிட்டது.

நஸ்ரினின் முதல் நாள்

ஷமீமாவின் புருஷன் கொஞ்ச காலம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தபிறகு அவர்கள் பெண்ணாடத்தில் கடை வைத்திருக்கிறார்கள். மாமா இறந்து சில வருடம் ஆகிறது. கடைசிவரை அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் பார்லர் திறந்த அன்று வந்து, ஜன்னலோர நாற்காலியைப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

அந்தக் கல்யாண ஆல்பத்தில் முதல் படம், நானும் வெள்ளை அடித்த முகமும். அடுத்த பக்கத்திலிருந்து ஷமீமா. முதல் படத்தைக் கிழித்துப் போட நான் எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறேன். அவள் கொடுக்கவே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, பக்கத்தில் நிற்பது யார் தெரியுமா, எங்கள் ஊர்ப் பெரிய பியூட்டிஷியன் என்று என் மானத்தை வாங்குவாள்.

அவள் மகள் நஸ்ரின் அந்த ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டி வளர்ந்தவள். அவளுக்கும் இடது மேலுதட்டில் மச்சம். இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. போன திங்கட்கிழமை முதல் நாள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலிலிருந்து எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள், முகத்தின் படத்தோடு. தாடையோரத்தில் நிறம் சரியாக உட்கார்ந்திருந்தது. கண்ணுக்கு மெல்லிய மை. எனக்கே பெருமையாக இருந்தது.

"ஆன்ட்டி, எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் போட்டேன். ஆனா பவுண்டேஷன் போட்டா மச்சம் மறைஞ்சுடுது. எனக்கு அது தெரியணும். அது மேல பென்சில்ல புள்ளி வச்சுக்கலாமா?"

பென்சில் வேண்டாம் என்று பதில் எழுதினேன். முழுசாகப் போட்டு முடித்துக்கொள். அப்புறம் கைக்குட்டை முனையைத் தண்ணீரில் நனைத்து, அந்த ஒரு இடத்தை மட்டும் துடை. அழுத்தாதே, மெதுவாக. வராவிட்டால் இன்னொரு தரம் நனைத்துத் துடை.

பத்து நிமிடத்தில் இன்னொரு படம் வந்தது. ஜன்னலோரம் நின்று எடுத்திருந்தாள். மச்சம் இருந்தது. சிரித்ததில் அது கொஞ்சம் மேலே போயிருந்தது.

"சூப்பர் ஐடியா ஆன்ட்டி. இது எந்த கோர்ஸ்ல சொல்லிக் குடுத்தாங்க?"

அம்மாவின் அத்தாவை அவர்கள் வீட்டில் நன்னா என்று கூப்பிடுவார்கள். கண் கலங்கியிருந்ததால் எழுத்து சரியாகத் தெரியவில்லை. இரண்டு தரம் அழித்துவிட்டு எழுதினேன்.

"கோர்ஸ்ல இல்லம்மா. உங்க நன்னாகிட்ட கத்துக்கிட்டேன்."